எந்த நாற்காலியிலிருந்து எழுதப்போகிறீர்கள்? புதிதாக எழுதவரும் மருத்துவர்களுக்கு

"நானும் எழுதலாம்னு இருக்கேன் சார், எதுல இருந்து ஆரம்பிக்கிறது?" என்று ஜூனியர்கள் கேட்டால் நான் ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்பேன். எதைப் பற்றி எழுதப்போகிறாய்? பெரும்பாலும் ஒரே மூச்சில் பதில் வரும்: மருத்துவம், அரசியல், அப்புறம் அன்றாட வாழ்க்கையில் தோன்றுவது எல்லாம்.

தாராளமாக எழுதலாம். டாக்டர்கள் காலங்காலமாக இந்த மூன்றையும் எழுதித்தான் வந்திருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொன்றுக்கும் உட்காரும் நாற்காலி வேறு. சுகர் மாத்திரையைப் பற்றி எழுதும்போது நீங்கள் டாக்டர். வார்டில் படுக்கை போதவில்லை என்று எழுதும்போது கண்ணால் கண்ட சாட்சி. தேர்தலைப் பற்றி எழுதும்போது மற்றவர்களைப் போல ஒரு வாக்காளர். மகன் சைக்கிள் பழகியதை எழுதும்போது ஒரு அப்பா. படிக்கிறவருக்கோ இந்த நான்கிலும் உங்கள் பெயருக்கு முன்னால் அதே 'டாக்டர்'தான் தெரிகிறது. வம்பெல்லாம் அங்கிருந்துதான் கிளம்புகிறது. பதினைந்து வருடம் எழுதி, நடுவில் ஓரிரு முறை நன்றாகவே வாங்கிக் கட்டிக்கொண்டு, நான் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: ஒரு சின்ன நோட்டு

"நேரம் எங்கே சார்?" என்பது அடுத்த கேள்வி. வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கக் கவிஞர் முழுநேர டாக்டர். நியூ ஜெர்சி மாநிலத்தில் ரூதர்ஃபோர்டு என்ற ஊரில் 40 வருடத்துக்கு மேல் பிரசவமும் குழந்தை வைத்தியமும் பார்த்தவர். ஒரு நோயாளி வெளியே போய் அடுத்தவர் உள்ளே வருவதற்குள் மருந்துச்சீட்டின் மேலேயே வரிகளைக் கிறுக்கி வைப்பாராம். அந்த இடைவெளியில் நீங்கள் கட்டுரை எழுத முடியாது, ஒரு குறிப்பு எழுதலாம்.

எதைக் குறிப்பது? நோயைக் குறிக்க வேண்டாம், அது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. நோயாளி கேட்ட கேள்வியை, அவர் கேட்ட வார்த்தையிலேயே குறியுங்கள். "மாத்திரைய ரெண்டா உடைச்சுப் போட்டுக்கலாமா?" "ரிப்போர்ட் எல்லாம் நார்மல்ங்கிறீங்க, அப்புறம் ஏன் எனக்கு இன்னும் வலிக்குது?" "இந்த மருந்த ஆரம்பிச்சா விடவே முடியாதாமே?" கடைசிக் கேள்வியை நான் வாரத்துக்கு ஒரு தடவையாவது கேட்டுவிடுகிறேன். ஒரே கேள்வி ஒரு மாதத்தில் மூன்று முறை நோட்டில் ஏறிவிட்டால், அதற்குள் ஒரு கட்டுரை இருக்கிறது என்று அர்த்தம்.

குறிக்கக் கூடாததும் உண்டு: பெயர், படுக்கை எண், தேதி. போட்டோவும் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டாம். நோட்டைத் தொலைத்துவிட்டால், கண்டெடுப்பவருக்கு அதிலிருந்து ஒரு ஆள்கூடப் பிடிபடக் கூடாது.

இரண்டாம் படி: ஒரு கேள்வி, ஒரு கட்டுரை

புதிதாக எழுதுகிறவர்கள் முதல் கட்டுரையிலேயே நீரிழிவு நோயை முழுதாகச் சொல்லி முடித்துவிடப் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். என் முதல் கட்டுரையின் முதல் வரி இது:

"உயர் இரத்த அழுத்தம் என்பது தமனிச் சுவர்களின் மீது குருதி செலுத்தும் விசை தொடர்ந்து உயர்ந்த நிலையில் காணப்படும் நாட்பட்ட நோயாகும்."

தகவலில் பிழை இல்லை. ஆனால் இதை யாருக்காக எழுதினேன்? என் பழைய பரீட்சைப் பேப்பரைத் திருத்தியவருக்காக. காணப்படும், மேற்கொள்ளப்படும், ஆகும் என்று முடிகிற வாக்கியங்கள் எல்லாம் விடைத்தாள் தமிழ். இரண்டு வருடம் கழித்து அதே விஷயத்தை இப்படித் தொடங்கினேன்:

"பிபி ஏறியிருப்பது பெரும்பாலானவர்களுக்குத் தெரியவே தெரியாது. தலை வலிக்காது, கிறுகிறுக்காது. அதனால் மாத்திரை சாப்பிட்டாலும் தேவலை என்று தோன்றாது, விட்டுவிட்டாலும் வித்தியாசம் தெரியாது. பலர் பாதியில் நிறுத்திவிடுவது இதனால்தான்."

இரண்டாவதில் தமனியும் இல்லை, குருதியும் இல்லை. ஆனால் மாத்திரையை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பவர் அதில் தன்னைப் பார்த்துவிடுவார். அது ஓபியில் உட்கார்ந்து பேசுகிற நாற்காலி. மருத்துவம் எழுத அதுதான் சரியான இடம்.

சொல் விஷயத்தில் கொஞ்சம் நின்று போக வேண்டும். தமிழில் மருத்துவம் எழுதுகிறவர் தடுக்கி விழும் குழிகள் சில உண்டு, அகராதி அவற்றைக் காட்டிக்கொடுக்காது.

'அக்யூட்' என்பதைப் பலர் 'தீவிர' என்று எழுதுகிறார்கள். படிக்கிறவர் மிகக் கடுமையானது என்று எடுத்துக்கொள்வார். டாக்டர் சொல்ல வந்ததோ திடீரென்று, சமீபத்தில் வந்தது என்பதைத்தான். சாதாரண ஜலதோஷமும் அந்தக் கணக்கில் அக்யூட்தான். 'திடீரென வந்த' என்று எழுதிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

'மாரடைப்பு' இன்னும் பெரிய குழி. இதயத் தசைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடுவது மாரடைப்பு. அப்படி வந்தவர் பேசிக்கொண்டே, சில சமயம் நடந்தேகூட, ஆஸ்பத்திரிக்கு வந்து சேருவார். இதயத் துடிப்பு நின்றுபோவது வேறு. அதில் ஆள் நினைவிழந்து விழுந்துவிடுவார், பக்கத்தில் இருப்பவர் அந்த நிமிடமே நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டால், "மாரடைப்புன்னா ஆள் விழுந்துடுவாரே, எனக்கு லேசா நெஞ்சு பாரம்தானே" என்று ஒருவர் வீட்டிலேயே இருந்துவிடுவார்.

'பாசிட்டிவ்', 'நெகட்டிவ்' பற்றிச் சொல்லவே வேண்டாம். இவற்றை 'நேர்மறை', 'எதிர்மறை' என்று தமிழாக்கினால் குழப்பம் இரட்டிப்பாகும், ஏனென்றால் தமிழ்க் காதுக்கு நேர்மறை என்றால் நல்லது. "கிருமி இருக்கிறது", "கிருமி தென்படவில்லை" என்று எழுதுங்கள்.

இன்னொன்று 'செயலிழப்பு'. நாள்பட்ட சிறுநீரக நோயில் ஐந்து நிலைகள். மூன்றாம் நிலையில் வடிகட்டும் திறனின் அளவு 30க்கும் 59க்கும் நடுவில் இருக்கும். அதாவது கிட்னி இன்னும் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. அங்கே போய் 'சிறுநீரகச் செயலிழப்பு' என்று எழுதினால், படிக்கிறவர் இரண்டு கிட்னியும் நின்றுவிட்டதாக நினைத்து அன்றிரவு தூங்கமாட்டார். சிறுநீரகமா கிட்னியா என்ற சண்டையில் நான் கலந்துகொள்வதில்லை. முதல் தடவை இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிட்டு, பிறகு வாசகர் எதைப் பேசுவாரோ அதையே எழுதிக்கொண்டு போவேன்.

மூன்றாம் படி: எண்ணை எழுதினால் அடியெண்ணையும் எழுதுங்கள்

1995 அக்டோபரில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு ஓர் எச்சரிக்கை விட்டது. மூன்றாம் தலைமுறைக் கருத்தடை மாத்திரைகளால் ரத்தம் உறையும் ஆபத்து இரண்டு மடங்காகிறது என்றது. செய்தி பரவியது, ஏராளமான பெண்கள் பயந்து மாத்திரையை நிறுத்தினார்கள். அந்த இரண்டு மடங்கு எதிலிருந்து எதற்கு? பழைய மாத்திரை சாப்பிட்ட 7,000 பெண்களில் சுமார் ஒருவருக்கு இருந்த பாதிப்பு, புதியதில் 7,000 பேரில் இருவருக்கு ஆனது. அதற்கடுத்த வருடம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் ஏறத்தாழ 13,000 கூடுதலானதாக மதிப்பிடப்பட்டிருக்கிறது. இதில் ஒரு கொடுமை: கர்ப்பமும் பிரசவமும் கொண்டுவரும் ரத்த உறைவு ஆபத்து, அந்த மாத்திரை கொண்டுவருவதைவிட அதிகம்.

யாரும் பொய் சொல்லவில்லை. இரண்டு மடங்கு என்பது சரியான கணக்குத்தான். அடியில் இருந்த 7,000 மட்டும் மக்களிடம் போய்ச் சேரவில்லை.

அதனால் சதவீதத்தைத் தலை எண்ணிக்கையாக மாற்றி எழுதப் பழகுங்கள். ஒரு கற்பனைச் சோதனையை எடுத்துக்கொள்வோம். நோய் இருந்தால் 90 சதவீதம் சரியாகக் காட்டும், நோய் இல்லாதவர்களில் 9 சதவீதம் பேருக்குத் தவறாக 'இருக்கிறது' என்று சொல்லும். நோயோ நூற்றில் ஒருவருக்கு. எனக்கு 'இருக்கிறது' என்று வந்துவிட்டது, நிஜமாகவே நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு? இப்படிக் கேட்டால் டாக்டர்களே தடுமாறுவோம். இதையே ஆட்களாக்குங்கள். 1,000 பேர். அதில் 10 பேருக்கு நோய், 9 பேரைச் சோதனை பிடித்துவிடும். மிச்சம் 990 பேரில் சுமார் 89 பேரை வீணாகப் பயமுறுத்தும். ஆக 'இருக்கிறது' என்று முடிவு வந்த 98 பேரில் நிஜமாக நோயுள்ளவர்கள் 9 பேர். பத்தில் ஒருவர்கூட இல்லை. இந்த ஒரு பத்தியை எழுதக் கற்றுக்கொண்டால், ஸ்கேன்களைப் பற்றியும் முழு உடல் பரிசோதனைகளைப் பற்றியும் பாதிக் கட்டுரைகள் எழுதி முடித்த மாதிரி.

நான்காம் படி: நோயாளியின் கதை

இங்கேதான் நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வார்டில் ஒரு பெரியவர் இருந்தார். தினமும் காலையில் தன்னுடைய பழைய கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துவிட்டு, பக்கத்துப் படுக்கைக்காரரைக் கூப்பிட்டு மணி என்ன என்று சொல்வார். யாரும் கேட்காமலேயே சொல்வார். சுவரில் கடிகாரம் இருந்தது, அது வேறு விஷயம். அவரைப் பற்றி எழுதும்போது பெயரை மாற்றினேன், வயதை மாற்றினேன், தொழிலையும் மாற்றினேன். கடிகாரத்தை மட்டும் விட மனம் வரவில்லை. கட்டுரையே அதன் மேல்தான் நின்றது.

மூன்று மாதம் கழித்து அவருடைய மகள் வந்தார். கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"அப்பாவைப் பத்தி நல்லாத்தான் எழுதியிருக்கீங்க டாக்டர். ஆனா அவருக்கு இந்த வியாதின்னு எங்க சித்தப்பாவுக்குத் தெரியாது. இப்ப தெரிஞ்சுபோச்சு."

அமெரிக்காவில் நோயாளிகளின் தகவல்களைக் காக்கும் ஹிபா சட்டத்தில், ஒரு குறிப்பிலிருந்து ஆளை மறைக்க நீக்க வேண்டியவை என்று 18 அடையாளங்கள் பட்டியலிடப்பட்டுள்ளன. பெயர், முகவரி, தொலைபேசி எண், தேதிகள் என்று போகும். 89 வயதைத் தாண்டியவர்களின் வயதைக்கூட அப்படியே எழுதக் கூடாது, அந்த வயதில் ஆட்கள் குறைவு என்பதால். நல்ல பட்டியல்தான், முதலில் அதன்படி நீக்கிவிடுங்கள். ஆனால் அதில் கைக்கடிகாரம் இல்லை. ஒரு மனிதரை அடையாளம் காட்டுவது எதுவோ, பெரும்பாலும் அதுவேதான் உங்களை எழுதவும் தூண்டியிருக்கும். எழுத்தாளருக்கும் டாக்டருக்கும் சண்டை மூளும் இடம் இது. இந்தச் சண்டையில் டாக்டர் ஜெயிக்க வேண்டும், கட்டுரை கெட்டுப்போனாலும் பரவாயில்லை.

நோயாளி இதைப் படித்தால் என்ன நினைப்பார் என்று யோசிக்கச் சொல்வது வழக்கம். நான் இப்போது இன்னொன்றையும் யோசிக்கிறேன்: அவருடைய சொந்தக்காரர் படித்தால்? அலுவலக நண்பர் படித்தால்? அவர்களுக்குத் தெரியாத எதை நான் தெரியப்படுத்திவிடுகிறேன்?

இறந்துபோனவரைப் பற்றித் தாராளமாக எழுதலாம் என்று ஒரு நினைப்பு நம்மிடம் உண்டு. 1948இல் உலக மருத்துவச் சங்கம் ஏற்ற ஜெனிவா உறுதிமொழியில், நோயாளி சொன்ன ரகசியத்தைக் காப்பேன் என்ற வரி இருந்தது. அவர் இறந்த பின்னும் காப்பேன் என்று 1968இல் சேர்த்துக்கொண்டார்கள்.

அனுமதி வாங்கி எழுதுவதே நேர்வழி. ஆனால் வாங்கும் விதம் இருக்கிறது. படுக்கையில் இருக்கும்போது கேட்காதீர்கள். நாளைக்கு ஊசி போடப்போகிறவர் கேட்டால் யார்தான் மாட்டேன் என்பார்? வைத்தியம் முடிந்து, உங்கள் தயவு தேவைப்படாத நாளில் கேளுங்கள். "உங்களைப் பத்தி எழுதலாமா?" என்று பொதுவாகக் கேட்டு வாங்கிய சம்மதத்துக்கு மதிப்பில்லை. எழுதியதை முழுதாகப் படிக்கக் கொடுங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால் வாசித்துக் காட்டுங்கள். வீட்டுக்குப் போய் நாலு நாள் யோசிக்கட்டும். அப்புறம் எழுத்தில் வாங்குங்கள். வெளியான பிறகும் வேண்டாம் என்று சொன்னால் எடுத்துவிடுவேன் என்று நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள், அச்சில் வருவதானால் அது முடியாது என்பதையும் சேர்த்து.

போட்டோ பற்றி ஒரு வரி. கண்ணின் மேல் கறுப்புப் பட்டை ஒட்டிவிட்டால் போதும் என்பது பழைய பழக்கம். அது போதவே போதாது என்று மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு எப்போதோ சொல்லிவிட்டது.

அனுமதி கிடைக்காத கதைகளை என்ன செய்வது? நாலைந்து பேரைக் கலந்து ஒருவராக்கலாம். அப்படிச் செய்தால் கட்டுரையிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும். ஆளை மறைக்கலாம், ஆனால் மருந்து வேலை செய்த விதத்தையும் குணமான கால அளவையும் மாற்றக் கூடாது. அதை நம்பி யாராவது முடிவெடுப்பார்கள். இன்னொரு வழி, கதையில் நோயாளியைப் பின்னால் தள்ளிவிட்டு உங்களை முன்னால் நிறுத்துவது. நீங்கள் தப்பாக நினைத்தது, அவசரப்பட்டுப் பேசியது, கண்டுபிடிக்கத் தவறியது எல்லாம் எழுதலாம். ஆனால் அந்தத் தவறின் மறுமுனையில் ஒரு நோயாளி இருக்கிறார். முதலில் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். டாக்டர் தன் தவறை ஒப்புக்கொண்டதை நோயாளி கட்டுரையில் படித்துத் தெரிந்துகொள்வது மாதிரி அசிங்கம் வேறில்லை.

டியூட்டி ரூம் கிண்டல்கள் அந்த ரூமோடு நிற்கட்டும். நமக்கு அது மூச்சு விடுகிற வழி, வெளியே இருப்பவர் காதில் அது வெறும் ஏளனம்.

ஐந்தாம் படி: அரசியல்

டாக்டர் அரசியல் எழுதலாமா என்று கேட்பவர்களுக்கு நான் ருடால்ஃப் விர்ச்சோ என்ற ஜெர்மன் டாக்டரைக் காட்டுவேன். 1848இல் பிரஷ்ய அரசு, மேல் சைலீசியாவில் பரவிய டைஃபஸ் காய்ச்சலை ஆராய்ந்து வரச்சொல்லி அவரை அனுப்பியது. அப்போது அவருக்கு வயது 26. மூன்று வாரம் போலச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தவர் எழுதிய அறிக்கையில் பட்டினியும் அறியாமையும் அரசின் அலட்சியமும்தான் பெரிதாக இருந்தன. கல்வி கொடுங்கள், சுதந்திரம் கொடுங்கள், மக்கள் தங்களைத் தாங்களே ஆளட்டும் என்று எழுதினார். அதே வருடம் மருத்துவச் சீர்திருத்தத்துக்காக ஒரு வார இதழையும் தொடங்கினார். அரசியல் என்பது பெரிய அளவில் செய்கிற மருத்துவம் என்ற அவருடைய புகழ்பெற்ற கருத்து அதில் வந்ததுதான். அடுத்த வருடம் பெர்லினை விட்டு வூர்ட்ஸ்பர்க்குக்குப் போக வேண்டியதாயிற்று. எழுதுமுன் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

விர்ச்சோவின் பலம் அவர் டாக்டர் என்பது மட்டுமில்லை. அவர் அங்கே போனார், பார்த்தார். அவர் எழுதியது சாட்சியின் நாற்காலியிலிருந்து. இதே நாற்காலியில் நம் காலத்தில் உட்கார்ந்தவர் மோனா ஹன்னா-அட்டீஷா, அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரத்துக் குழந்தை மருத்துவர். 2014 ஏப்ரலில் அந்த நகரம் குடிநீர் எடுக்கும் இடம் ஃபிளின்ட் ஆற்றுக்கு மாற்றப்பட்டது. தண்ணீர் சரியில்லை என்று மக்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அவர் ஆஸ்பத்திரிப் பதிவேடுகளில் இருந்த குழந்தைகளின் ரத்தப் பரிசோதனைகளை எடுத்துக் கணக்குப் போட்டார். ஈய அளவு அதிகமுள்ள குழந்தைகள் 2.4 சதவீதத்திலிருந்து 4.9 சதவீதமாகியிருந்தார்கள். 2015 செப்டம்பரில் அதைப் பகிரங்கமாகச் சொன்னார். மாநில அதிகாரிகள் முதலில் மறுத்தார்கள், சில நாட்களில் ஒப்புக்கொண்டார்கள். அவர் யாரையும் திட்டவில்லை. திட்ட வேண்டிய அவசியத்தை அந்த இரண்டு எண்கள் வைக்கவில்லை.

ஆகவே அரசியல் எழுத உட்கார்ந்தால் இந்த வரிசையில் போங்கள். நான் நேரில் பார்த்தது என்ன? அதை எண்ண முடியுமா? எண்ணியதிலிருந்து எவ்வளவு தூரம் சொல்லலாம்? அந்தத் தூரத்தைத் தாண்டியதும் "இனி சொல்வது ஒரு குடிமகனாக" என்று ஒரு வரி போட்டுவிட்டு எழுந்து வேறு நாற்காலிக்குப் போங்கள். வரிக்கொள்கை பற்றி உங்களுக்குக் கருத்து இருக்கலாம், எனக்கும் இருக்கிறது. அதற்கு ஸ்டெதஸ்கோப்பைச் சாட்சிக்குக் கூப்பிடக் கூடாது.

நாற்காலி மாறிப்போனால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் 1964. அமெரிக்க அதிபர் தேர்தலில் பேரி கோல்ட்வாட்டர் போட்டியிட்டார். ஒரு பத்திரிகை 12,356 மனநல மருத்துவர்களுக்குக் கடிதம் போட்டு, இவர் அதிபராக இருக்கும் மனநிலை உள்ளவரா என்று கேட்டது. 2,417 பேர் பதில் எழுதினார்கள். 1,189 பேர் 'தகுதியில்லை' என்றார்கள். அவரை உட்காரவைத்துப் பேசிப் பார்த்து எழுதிய பதில்கள் இல்லை அவை. ஓட்டுப் போடுகிறவரின் கோபத்தை நோய்க்குறிப்பின் பாஷையில் எழுதினார்கள். கோல்ட்வாட்டர் வழக்குப் போட்டு 75,000 டாலர் நஷ்டஈடு வாங்கினார். பரிசோதிக்காத பொதுமனிதர்களுக்கு நோய்ப்பெயர் சூட்டக் கூடாது என்று அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1973இல் விதி செய்தது. தொலைக்காட்சியில் ஒரு தலைவர் கை நடுங்குவதைப் பார்த்ததும் நமக்கு நாலு நோய்ப்பெயர் மனதில் ஓடும். ஓடட்டும். எழுதாதீர்கள்.

கோபத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1847இல் வியன்னாவில் இக்னாஸ் செம்மல்வைஸ், டாக்டர்களைக் குளோரின் கரைசலில் கை கழுவவைத்தார். அவருடைய பிரசவப் பிரிவில் ஏப்ரலில் 18 சதவீதத்தைத் தொட்டிருந்த தாய்மார் இறப்பு, ஜூனில் ஏறத்தாழ 2 சதவீதத்துக்கு இறங்கியது. இப்படி ஒரு கண்டுபிடிப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முழுமையாக எழுதிப் புத்தகமாக்கியது 1861இல். பதினான்கு வருடம். அதற்கப்புறம், ஏற்காதவர்களைக் கொலைகாரர்கள் என்று பகிரங்கக் கடிதங்களில் திட்டினார். சொன்னது உண்மை, அவருடைய கோபமும் நியாயம். ஆனால் மனதை மாற்றிக்கொள்ளத் தயாராக இருந்தவர்களும் அந்தக் கடிதங்களைப் படித்துவிட்டு மாற்றிக்கொண்டிருக்க மாட்டார்கள். பார்த்ததை உடனே எழுதுங்கள். திட்டத் தோன்றுகிற வரிகளை மட்டும் ஒரு ராத்திரி தள்ளிவையுங்கள்.

கடைசியாக, நண்பர்கள் மட்டும் இருக்கிற குழு என்று ஒன்று கிடையாது. வூஹானின் கண் மருத்துவர் லீ வென்லியாங் 2019 டிசம்பர் 30 அன்று கூடப் படித்தவர்களின் குழுவில், பின்னால் கோவிட் என்று பெயர் பெற்ற தொற்றைப் பற்றி எச்சரிக்கையாகப் போட்ட செய்தி, வெளியே பரப்ப வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்ட பிறகும், சில மணி நேரத்தில் அவர் பெயரோடு வெளியே வந்துவிட்டது. ஜனவரி 3 அன்று காவல்துறை அழைத்துக் கண்டித்து எழுதி வாங்கியது. பிப்ரவரி 7 அன்று அதே தொற்றில் இறந்தார். எங்கே எழுதினாலும் உங்கள் பெயரோடு வெளியே வரும் என்று நினைத்தே எழுதுங்கள். வேலை பார்க்கும் இடத்தின் நியமன ஒப்பந்தத்தில் வெளியே எழுதுவது பற்றி என்ன இருக்கிறது என்பதை, முதல் கட்டுரைக்கு முன்னால் ஒரு முறை படித்துவிடுங்கள். பின்னால் படித்தவர்களை எனக்குத் தெரியும்.

ஆறாம் படி: அன்றாட வாழ்க்கை

இதற்கு வழிகாட்டி தேவையில்லை. இங்கே நீங்கள் யாருக்கும் நிபுணர் இல்லை, அதுவே ஒரு சுகம். இரவு டியூட்டி முடிந்து வெயிலில் நடந்து வருவதைப் பற்றி எழுதலாம், பழைய ஸ்கூட்டரைப் பற்றி எழுதலாம். ஒரே எச்சரிக்கை: வீட்டில் இருப்பவர்களும் உங்களிடம் நம்பிச் சொன்னவர்கள்தான். குழந்தையின் படுக்கை நனைக்கும் பழக்கத்தை வேடிக்கையாக எழுதினால், அது பதினாறு வயதில் அதைப் படிக்கும்.

பெயர் போடுவதா, புனைபெயரா?

ரஷ்ய எழுத்தாளர் ஆன்டன் செக்கோவ் 1884இல் டாக்டரானவர். ஆரம்பத்தில் வேடிக்கைக் கதைகளுக்கு அந்தோஷா செக்கோன்தே என்று கையெழுத்திட்டார், சொந்தப் பெயரை மருத்துவத்துக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தார். 1886இல் பதிப்பாளர்கள் வற்புறுத்தித்தான் நிஜப் பெயருக்கு வந்தார்.

இன்றைக்கு என் கருத்து, மருத்துவ ஆலோசனை எழுதினால் சொந்தப் பெயரும் படிப்பும் போட வேண்டும். யார் சொல்கிறார் என்று தெரியாமல் மருந்தைப் பற்றி எப்படி நம்புவது? கதைக்கும் அன்றாட விஷயங்களுக்கும் புனைபெயர் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது உங்களை மறைக்கும் என்று நம்பிவிடாதீர்கள். நடை, துறை, டியூட்டி நேரம் மூன்றும் சேர்ந்தால் கூட வேலை பார்ப்பவர்கள் ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். சொந்தப் பெயரில் சொல்லத் துணியாததைப் புனைபெயரில் சொல்வதானால், அதைச் சொல்ல வேண்டுமா என்று இன்னொரு தடவை யோசியுங்கள்.

வெளியான பிறகு

வேலை முடியவில்லை. மருத்துவம் மாறிக்கொண்டே இருக்கிறது. நான் மூன்று வருடத்துக்கு ஒரு முறை பழைய கட்டுரைகளைத் திரும்பப் படித்து, மாறிப்போனதைத் திருத்தி, என்ன திருத்தினேன் என்பதையும் தேதியையும் மேலேயே போட்டுவிடுகிறேன். சத்தமில்லாமல் மாற்றிவிடுவது வேண்டாம், பழையதைப் படித்தவர் இன்னும் அதையே நம்பிக்கொண்டிருப்பார். மருந்து நிறுவனம் கூட்டத்துக்குக் கூப்பிட்டு விமான டிக்கெட் எடுத்துத் தந்திருந்தால், அவர்களுடைய மருந்தைப் பற்றி எழுதும்போது அதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லக் கூச்சமாக இருந்தால் எழுதாதீர்கள்.

அப்புறம் கேள்விகள் வர ஆரம்பிக்கும். "எனக்கும் இதே மாதிரி இருக்கு டாக்டர், என்ன மாத்திரை போடலாம்?" பதில் சொல்லத் துடிக்கும். ஆனால் நீங்கள் அவர் நாடியைப் பிடிக்கவில்லை, அவர் வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று தெரியாது. வாசகர் நோயாளி ஆகிவிட்டால் கட்டுரை மருந்துச்சீட்டு ஆகிவிடும். பொதுவான விளக்கம் தரலாம், எந்தத் துறை டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லலாம், அவரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று எழுதிக்கொடுக்கலாம். மாத்திரை பெயரும் அளவும் சொல்லக் கூடாது.

இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு. ராத்திரி பதினொன்றரைக்கு ஒருவர் எழுதுவார்: "சாயங்காலத்துல இருந்து நெஞ்சு அழுத்துது, இடது கை கனக்குது, வேர்த்துக் கொட்டுது, கேஸா இருக்குமா டாக்டர்?" அதற்கு யோசித்துப் பதில் எழுதிக்கொண்டிருக்க நேரமில்லை. "இப்போதே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், நீங்களாக வண்டி ஓட்டாதீர்கள், போய்ச் சேர்ந்ததும் எனக்கு ஒரு வார்த்தை எழுதுங்கள்" என்ற வரியை முதல் கட்டுரை வெளியாகும் அன்றே தட்டச்சு செய்து போனில் வைத்துவிடுங்கள். நான் இதுவரை நான்கு பேருக்கு அனுப்பியிருக்கிறேன். மூன்று பேர் பதில் எழுதினார்கள்.